முதல் வாரத்தில் குறைந்த இரண்டரைக் கிலோ

போன ஆடி மாதம் நானும் என் கணவரும் அரிசி, கோதுமை, சர்க்கரை, பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினோம். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பலரும் கடைப்பிடிக்கிற முறைதான். காலையில் ஆளுக்கு நூறு பாதாம், மதியம் காய்கறியோடு பனீர், இரவு கறியோ முட்டையோ. பிள்ளைகள் இருவருக்கும் வழக்கம்போல் சோறு. எட்டாம் நாள் அவர் எடை பார்த்தார், இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. அன்றைக்கே நான் மளிகை நோட்டைப் புரட்டினேன். மாதத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி போயிருந்தது.

முதலில் அந்த இரண்டரைக் கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டரைக் கிலோ கொழுப்பு கரைய வேண்டும் என்றால் தினமும் 2,700 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால்கூடப் பெரும்பாலானவர்களுக்கு அது நடக்காது. அப்படியானால் குறைந்தது எது? பெரும்பகுதி தண்ணீர்.

சாப்பிடுகிற மாவுச்சத்தில் உடனே செலவாகாததை உடல் கிளைக்கோஜனாக மாற்றி வைத்துக்கொள்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறு நின்றதும் உடல் இந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. கிளைக்கோஜன் கரையக் கரைய, கூட இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இரண்டையும் கூட்டினால் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மறுபடி இரண்டு நாள் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் அது திரும்பி வரும். 'விட்டதும் எடை ஏறிடுச்சு' என்று மனம் உடைந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் அவ்வளவு வருத்தப்பட மாட்டார்கள்.

நான்காம் நாள் எனக்குத் தலைவலி, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்கும் கட்டளை கொடுக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், அப்போது சோடியம் தண்ணீரோடு சேர்ந்து வெளியேறும். போதாததற்கு, ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கிற மூளை, கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளுக்குப் பழகவும் சில நாள் ஆகும். உப்புப் போட்ட எலும்பு ரசம் இரண்டு வேளை குடித்தேன், சரியானது. ஆனால் இதை எல்லோருக்கும் சொல்ல முடியாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. உணவு மாறிய பிறகும் பழைய அளவிலேயே மாத்திரை போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இப்போது மளிகை நோட்டு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். மாதம் 20 கிலோ அரிசி என்றால் 70,000 கலோரி. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குத் தினம் ஒரு வேளைச் சாப்பாடு, செலவே இல்லாமல். பேலியோ முதலில் கை வைப்பது இதில்தான். பாதாம் நாங்கள் வாங்கியபோது கிலோ 900 ரூபாய். நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம், அதில் 25 கிராம் புரதம், விலை 108 ரூபாய். இரண்டு பேருக்கு மாதம் ஆறாயிரத்துக்கு மேல், அதுவும் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும். மாமியார் ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் காசுக்கு முக்கால் கிலோ கடலை வாங்கலாமே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நிலக்கடலை 100 கிராமிலேயே 25 கிராம் புரதம் இருக்கிறது, விலை 14 ரூபாய். ஆனால் கடலை பயறு வகை, பேலியோ பட்டியலில் கிடையாது. பயறுகளில் லெக்டின் என்ற புரதமும், சத்துகளை உடலில் சேரவிடாத ஃபைட்டேட்டும் இருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டும் இருப்பது உண்மைதான். ராஜ்மாவில் உள்ள லெக்டின் மோசமானது, நாலைந்து கொட்டையைப் பச்சையாகத் தின்றாலே வாந்தி வரும். ஆனால் ராஜ்மாவை யார் பச்சையாகத் தின்கிறார்கள்? ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கிற நீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வேகவைத்தால் அந்த லெக்டின் செயலிழந்துவிடும். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போகிறது. ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்மை. அது பாதாமிலும் நிறைய இருக்கிறது. பச்சைப்பயறை முளைகட்டினால் விதைக்குள் தூங்கிக் கிடந்த ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ஃபைட்டேட்டை உடைக்கிறது, கூடவே வைட்டமின் சியும் உண்டாகிறது. மேலே அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இரும்பு இன்னும் நன்றாக உடலில் சேரும். ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்ட பயறில் மறுநாள் காலை வெள்ளை முனை எட்டிப் பார்க்கும்போது உள்ளே நடந்துகொண்டிருப்பது இதுதான்.

ஆக, பருப்பை விலக்கியதால் எங்களுக்குக் கிடைத்தது பெரிய மளிகைக் கணக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். பலன் வேறு இடத்திலிருந்து வருகிறது, ஆலையில் தயாரான உணவு தட்டைவிட்டுப் போவதிலிருந்து. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சமைத்த முழு உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவின்போது அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது, முழு உணவில் அதே அளவு இறங்கியது. செலவையும் எழுதியிருக்கிறார்கள்: நாளுக்கு 2,000 கலோரிக்கு, வாரத்துக்கு ஆலை உணவு 106 டாலர், முழு உணவு 151 டாலர். முழு உணவுக்கு விலை கூடுதல் என்பது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை.

'முழு' என்ற சொல்லுக்கு நேரான பொருளும் உண்டு. கடலையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது. எவ்வளவு மென்றாலும் எல்லாச் சுவரும் உடையாது, உடையாத செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடும். 1980-இல் வந்த ஓர் ஆய்வில், கடலையை வெண்ணெயாக அரைத்தோ எண்ணெயாகவோ சாப்பிட்டவர்களைவிட முழுக் கடலை சாப்பிட்டவர்களின் மலத்தில்தான் அதிகக் கொழுப்பு இருந்தது.

நம் ஊர்த் தட்டில் மாவுச்சத்து அதிகம் என்பதிலும் சந்தேகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தும் இன்டியாப் என்ற நீரிழிவு ஆய்வின் 2025 முடிவில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டார்கள். அதில் வெறும் 5 சதவீதக் கலோரியைப் பயறு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றினால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறையும் என்றும் கணக்கிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் சோறு மதியம் மட்டும், ஆளுக்கு ஒரு கரண்டி. காலையில் முளைகட்டிய பயறோ அவித்த கடலையோ, கூட ஒரு முட்டை. மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் மத்திக் குழம்பு. வாசலில் வரும் கீரைக்காரம்மாவிடம் தினம் ஒரு கட்டு. பிஸ்கட், மிக்சர், பாட்டில் ஜூஸ் பிள்ளைகளுக்கும் கிடையாது, அதில் மிஞ்சிய காசு முட்டைக்குப் போகிறது. கடலை வாங்கி வந்ததும் மாமியார் முறத்தில் கொட்டி, சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எறிந்துவிடுவார். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.