ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்னா தமிழ்ல என்ன?

கோத்தகிரி பக்கம் ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு "ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்கப் போறேன் அம்மச்சி"ன்னா, கை கால் அமுக்கி விடற பிசியோதெரபின்னு பாதிப்பேரும் நெஞ்சு டாக்டர்னு மீதிப்பேரும் நெனச்சுக்குவாங்க, ரெண்டும் இல்லீங்க. இன்ஹேலரை எப்படி இழுக்கணும்னு சொல்லித் தர்றது, ஊதச் சொல்லி நுரையீரல் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்கற ஸ்பைரோமெட்ரி எடுக்கறது, ஐசியூல ஏபிஜி ரிப்போர்ட்டை (ரத்தத்துல ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு அளவு சொல்ற டெஸ்ட்) பாத்து டாக்டர் சொன்ன அளவுக்கு வென்டிலேட்டரை ஏத்தி இறக்கறது, இதான் இவங்க வேலை.

லத்தீன்ல ஸ்பிராரேன்னா மூச்சு விடறது, ரீன்னா மறுபடி. தெரபிஸ்ட் கிரேக்க வழி, தெரபான்னா கூடவே இருந்து பணிவிடை செய்யறவன், குணப்படுத்தறதுங்கற அர்த்தம் அப்புறம் வளந்ததுதான். வென்டிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறப்போ பேஷண்ட் தானா மூச்சு விடறாரான்னு பக்கத்துலயே நின்னு பாக்கறவங்களுக்கு அந்தப் பழைய அர்த்தம்தான் பொருத்தம்னு எனக்குப் படுது. அமெரிக்காவுல மொதல்ல இன்ஹலேஷன் தெரபிஸ்ட்னுதான் பேரு, 1947ல சங்கம் வெச்சதும் அந்தப் பேர்லதான்.

தமிழ்ல சுவாச சிகிச்சையாளர்னு எழுதறாங்க, சுவாசமும் சிகிச்சையும் வடசொல். மூச்சு நம்மளது, பேசு பேச்சு, வீசு வீச்சு மாதிரி மூசு மூச்சு. உயிர்ப்புன்னு பழைய சொல்லும் இருக்கு, ஆனா ஐசியூ வாசல்ல "உயிர்ப்புப் பண்டுவர் வர்றார்"னா சொந்தக்காரங்க பயந்துருவாங்க, அதுவுமில்லாம பண்டுவர்னா வைத்தியர்னு ஆயிடுது. மூச்சுச் சிகிச்சையாளர், இதுக்கே என் ஓட்டு. நெபுலைசர் வெச்சுக்கற பாட்டிக்கு அவங்க "புகை வெக்கற சிஸ்டர்"தான், அதை மாத்த முடியாது.

மலையில ஆக்ஸிஜன் கம்மின்னு சொல்றோமே, ஊட்டி 2,240 மீட்டர்லயும் காத்துல அது அதே 21 சதவீதம்தான், காத்தழுத்தம்தான் கடல்மட்டத்துல முக்காலே சொச்சம். அதனால வெரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர்ல நல்லா இருக்கறவங்களுக்கே ரெண்டு பாயிண்ட் கொறைச்சுக் காட்டலாம். விறகடுப்புப் புகையிலயே வருஷக்கணக்கா சமைச்சவங்களுக்கு வர்ற இழுப்பு வேற கதை, அதை வயசான வீசிங்னு விட்டுடறாங்க.

படிக்கறதுக்கு ப்ளஸ் டூல பயாலஜி வேணும், பி.எஸ்ஸி. பெரும்பாலும் மூணு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். சில காலேஜ்ல ரெஸ்பிரேட்டரி கேர் டெக்னாலஜின்னு பேரு போட்டிருக்கும், பக்கத்துலயே கிரிட்டிக்கல் கேர் டெக்னாலஜின்னு ஒண்ணு இருக்கும், அது வேற கோர்ஸு, அப்ளிகேஷன்ல பாத்து டிக் பண்ணுங்க.