இன்ஜின் நல்ல இன்ஜின்தான், ஊற்றியதுதான் உப்புத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை இரவு எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். பால் ஊற்றின டீ நிறத்தில் ஆயில். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் இப்படி வந்த ஐந்தாவது வண்டி இது.

வண்டிக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கடன் வாங்கி எடுத்த வண்டி. "அண்ணா, இது பேர் எடுத்த இன்ஜின்ணா. பத்து லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமயே ஓடும்னு சொல்லித்தான் வாங்கினேன். நாலு லட்சம்கூட ஆவல, எப்படிண்ணா போவும்?" என்றார்.

"ரேடியேட்டர்ல என்ன ஊத்துற தம்பி?"

"தண்ணிதான்ணா. யார்டுல போர் இருக்கு, அதுலேர்ந்து புடிச்சி ஊத்துவேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. குற்றம் அந்த இன்ஜின் மேல் இல்லை.

இருபத்தேழு வருடமாக வியாசர்பாடியில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இன்ஜின் என்பது வெறும் சாமான் கிடையாது, குடும்பப் பெருமை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியில் தாத்தாவோ அப்பாவோ வேலை பார்த்த வீடுகள் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை நிறைய உண்டு. அதனால் டீக்கடையில் உலகத்திலேயே சிறந்த இன்ஜின் எது என்று பேச்சு வந்தால் லேசில் முடியாது. ஒருவர் லேலண்ட் காமெட் என்பார். ஒருவர் பழைய டாடா பென்ஸ் என்பார். டாடா 1954-ல் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து செய்த லாரி அது. பதினைந்து வருடத்தில் கூட்டு முடிந்துவிட்டது, பெரியவர்கள் வாயில் மட்டும் இன்னும் பென்ஸ் லாரிதான்.

என்னைக் கேட்டால் கம்மின்ஸ் பி சீரிஸ் ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். 1989-லிருந்து அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப்பில் ஓடிப் பெயர் எடுத்தது. இங்கே டாடா லாரிகளில் வந்தது. பழைய 12 வால்வு மாடலைப் பிரித்து மாட்டிய யாருக்கும் அதன் மேல் மரியாதை வரும். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடும் டைமிங்குக்கு பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, கியர் மட்டும்தான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். உடையக்கூடிய சாமான் குறைவு, உள்ளது கனமான சாமான். கார் பக்கம் வந்தால் ஃபியட் 1.3 மல்டிஜெட். 1248 சிசி. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, லீனியா என்று மூன்று கம்பெனி வண்டிகளில் ஒரே இன்ஜின், கால் டாக்ஸிக்காரர்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் நின்றுபோனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்.

சரி, இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். "நல்ல இன்ஜின்னா ஒண்ணும் பண்ண வேணாம், அதுபாட்டுக்கு ஓடும்." இந்தப் பேச்சை எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். இத்தனை லட்சம் ஓடின கார் என்று அதில் காட்டியிருப்பார்கள். அது எப்படி ஓடியது என்பதை யாரும் கேட்பதில்லை.

நானே சொல்கிறேன். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966-ல் ஒரு வால்வோ பி1800 வாங்கினார். அதே காரில் 2013-ல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸில் பெயர் உண்டு. அந்த மனிதர் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றினார். அந்த இன்ஜினும் 6,80,000 மைல் வாக்கில் பிரித்து வேலை பார்க்கப்பட்டது. இன்னொருவர் கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர், கிரெகோரியோஸ் சகினிடிஸ். 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி காரில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் அதைக் கம்பெனி மியூசியத்துக்கே கொடுத்தார். அவர் ஓட்டியது ஒரே இன்ஜினில் இல்லை. மூன்று இன்ஜின் வைத்திருந்தார். ஒன்று வண்டியில் இருக்கும்போது மற்றது பழுது பார்க்கப் போகும். இப்படிப் பதினொரு முறை மாற்றியிருக்கிறார்.

நம் ஊர் லாரிகளும் அப்படித்தான். "எங்க அப்பா லேலண்ட் இருபது வருஷம் தொடாம ஓடிச்சு" என்று அந்தத் தம்பியும் சொன்னார். தொடாமல் ஓடவில்லை அப்பா. பிஸ்டன் ரிங் மாற்றியிருப்பார்கள், பேரிங் போட்டிருப்பார்கள், ஹெட்டை இறக்கி வால்வு உரசியிருப்பார்கள். காலையில் சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திறந்து ஆயிலும் தண்ணீரும் பார்த்த கிளீனர் ஒருவர் அந்த வண்டியில் இருந்திருப்பார். கிளீனர் வைக்கும் வழக்கம் போனதிலிருந்து என்னிடம் வரும் இன்ஜின்களின் நிலைமையே மாறிவிட்டது. நல்ல இன்ஜின் என்றால் பிரித்தால் மறுபடி புதிதாக்க முடிகிற இன்ஜின், உதிரி சாமான் எங்கும் கிடைக்கிற இன்ஜின், சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்கிற இன்ஜின். எந்த இன்ஜினும் சாகாத இன்ஜின் இல்லை.

இனி தண்ணீர் விஷயம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சி, கடல் நீர் உள்ளே ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்க முடியாது, துணி வெளுக்காது, குழம்பு கொதிக்க வைக்க மாட்டீர்கள். நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் அதையே ஊற்றுகிறீர்கள்.

பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாய்தான் லைனர். வெட் லைனர் உள்ள டீசல் இன்ஜினில் அதன் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் பிஸ்டன் பக்கவாட்டில் அறைய, லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதைத் தொட்டு நிற்கும் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி, உடனே உடைகின்றன. குமிழி உடையும் ஒவ்வொரு முறையும் இரும்பில் ஊசி குத்தின மாதிரி ஒரு அடி. மாதக்கணக்கில் குத்திக் குத்தி லைனரைத் துளைத்துவிடும். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலண்ட் திரவத்தில் இருக்கும் மருந்து லைனர் மேல் மெல்லிய படலமாகப் படிந்து இந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் அது இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும், ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பும் படியும். அந்தத் தம்பியின் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் லைனரை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகக் குழி, நடுவில் ஒரு குழி உள்பக்கம் வரை போயிருந்தது. அது வழியாக இறங்கின தண்ணீர் ஆயிலைக் கெடுத்து, பேரிங்கைத் தின்று, கிராங்கையும் உரசிவிட்டது.

"கூலண்ட் பனி பெய்யிற ஊருக்குத்தானேண்ணா?" என்று கேட்கிறார்கள். இல்லை. உறையாமல் வைப்பது அதன் ஒரு வேலை மட்டும். துருவைத் தடுப்பதும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் பார்ப்பதும் அதன் வேலைதான், அது சென்னைக்குத்தான் அதிகம் தேவை. இன்ஜின் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். கலக்க வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சூடு ஏறுகிறது என்று வண்டி வந்தால் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்துத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை, கழற்றிப் போட்டு அனுப்புவதை நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே நிற்கும், ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சூடாகவே சுற்றும். நோயைக் கண்டுபிடிக்காமல் காய்ச்சல் மானியை உடைக்கிற வேலை அது.

அடுத்தது துறைமுகக் க்யூ. கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கிறீர்கள். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் ஆயில் கெட்டுக்கொண்டே இருக்கும். நான் ஒரு மணி நேர ஐடிலிங்கை நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமாகத்தான் கணக்கு வைப்பேன். இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் இருந்தால் அதைப் பார்த்து ஆயில் மாற்றுங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகக் கணக்குக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள். ஃபில்டரைத் தரையில் தட்டித் தட்டித் திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காகிதம் கிழிந்து, அந்தத் தூசி ரிங்குக்குத்தான் போகிறது.

இன்னோவா வைத்திருப்பவர்களே, 2005-ல் வந்த பழைய 2.5 லிட்டர் டீசல் அருமையான இன்ஜின். ஆனால் அதில் இருப்பது டைமிங் பெல்ட். ரப்பர். டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரிந்தால் அன்றே நேரம் குறியுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பல்பைப் பிடுங்கி வைத்து விற்ற வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி வாங்கினால் முந்தின ஓனர் சொன்னதை நம்பாமல் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்6 வண்டிக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா லாரி தாங்கியதை இது தாங்காது. யார்டுக்கும் துறைமுகத்துக்கும் மட்டும் உருண்டுகொண்டிருந்தால், புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைக்கும். விளக்கு எரியும்போது புத்தகத்தில் சொன்னபடி அதைச் சுத்தமாக விடுங்கள், பாதியில் அணைக்காதீர்கள். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசலில் தண்ணீர் கலக்காதீர்கள்.

வெப்பமுள் ஏறினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்ற பேச்சே வேண்டாம், அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்த பையன் ஒருவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சூடான பிளாக் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். டர்போ வண்டியை ஓட்டி வந்ததும் ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டு அணையுங்கள். டிரம்மிலிருந்து பிடித்துத் தரும் பெயரில்லாத ஆயிலை வாங்காதீர்கள். மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிப் போங்கள். உள்ளே அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளிக்கொண்டு வாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், வளைந்தபின் நான் செய்ய ஒன்றும் இல்லை.

அந்தத் தம்பியின் கிராங்க் இப்போது கிரைண்டிங்கில் இருக்கிறது. ஆறு லைனரும் புதிதாகப் போடுகிறோம். வண்டி வெளியே வரப் பத்து நாளாகும், அதற்குள் ஒரு தவணை தவறும். துளை விழுந்த லைனரை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. பட்டறை வாசலில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் நிறுத்தி, அந்தக் குழிகளை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.