ஃபிராக்டலை முதலில் அளக்கச் சொல்லுங்கள்

எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புது நெளிவுகள் வந்துகொண்டே இருக்கும் உருவம்தான் ஃபிராக்டல். அந்தப் பாடம் என்றதும் பலரும் முதலில் செய்வது, அதில் புகழ்பெற்ற உருவமான மேண்டல்பிராட் கணத்தின் வண்ணவண்ணமான காணொளியைத் திரையில் ஓட விடுவதுதான். பல வருடங்கள் நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாணவர்கள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். முடிந்தபின் என்ன புரிந்தது என்று கேட்டால், "பெரிதாக்கினாலும் அதே மாதிரி வருது சார்" என்பதற்கு மேல் பதில் வராது. அதில் கணக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பாடம் அளப்பதில் தொடங்குகிறது.

முதல் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் நல்ல வளைவு நெளிவுள்ள ஒரு கடற்கரையின் வரைபடமும் ஒரு கவையும் (டிவைடர்) கொடுப்பேன். கவையின் கால்களை 4 செ.மீ. விரித்துக் கரையோரமாக நடத்திக்கொண்டே போய் மொத்த நீளத்தைக் கணக்கிட வேண்டும். அப்புறம் 2 செ.மீ., பிறகு 1 செ.மீ. அகலமாக விரிந்த கவை சின்ன வளைகுடாக்களைத் தாண்டிப் போய்விடும்; குறுகிய கவை அவற்றுக்குள் இறங்கி ஏறும். அதனால் ஒவ்வொரு முறையும் நீளம் கூடும். மாணவர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். அழித்துவிட்டு மறுபடி அளப்பார்கள். அந்த இடத்தில் அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

பிறகு ரிச்சர்ட்சன் கதையைச் சொல்வேன். நாடுகளுக்கு இடையிலான எல்லையின் நீளத்துக்கும் அவை போரிடுவதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லைக்கு அவர் கண்ட அளவுகள் இரண்டு: ஒன்று 987 கி.மீ., மற்றொன்று 1,214 கி.மீ. யாரும் தவறாக அளக்கவில்லை, அளவுகோல்தான் வேறு. இதை எடுத்துக்கொண்டுதான் பெனுவா மேண்டல்பிராட் 1967இல் பிரிட்டன் கடற்கரையின் நீளம் பற்றிய கட்டுரையை எழுதினார். 'உடைந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபிராக்டல் என்ற பெயரை 1975இல் உருவாக்கியவரும் அவர்தான். தமிழில் பகுவல் என்கிறோம்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். வராவிட்டால் நானே கேட்டுவிடுவேன்: எந்த வளைகோட்டை அளந்தாலும் இப்படித்தானே கூடும்? சரி, 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் பார்ப்போம். உள்ளே அறுகோணம் வரைந்தால் சுற்றளவு 60 செ.மீ. 12 பக்கங்களுக்கு 62.12, 24 பக்கங்களுக்கு 62.65. கூடத்தான் செய்கிறது, ஆனால் 62.83ஐத் தாண்டாது. வட்டம் ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது, கரையோரம் அடங்கவில்லை. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

அடுத்தது, ஸ்வீடன் கணிதவியலாளர் ஹெல்கே ஃபான் காக் 1904இல் வெளியிட்ட வளைவரை. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டை நீக்கி, அந்த இடத்தில் அதே நீளமுள்ள இரண்டு கோடுகளால் வெளிப்பக்கமாக ஒரு கூரை எழுப்ப வேண்டும். மூன்று துண்டு இருந்த இடத்தில் இப்போது நான்கு. கிடைக்கும் ஒவ்வொரு சிறு பக்கத்திலும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். பக்கம் 27 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மூன்று முறை மூன்றால் வகுத்தாலும் முழு எண்ணாகவே வரும். சுற்றளவு 81, 108, 144, 192, 256 என்று ஏறும். கையால் மூன்றாவது படி வரை வரையலாம். அதற்கு மேல் பென்சில் முனை இடம் கொடுக்காது, கணக்கு மட்டும் போகும். 25ஆவது படியில் சுற்றளவு ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 70ஆவது படியில் பூமியிலிருந்து நிலவுக்குள்ள சராசரித் தூரத்தையே தாண்டிவிடும். இத்தனையும் 32 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிய உருவம்! பரப்பளவோ முதல் முக்கோணத்தைப் போல 1.6 மடங்கை ஒருபோதும் தாண்டாது. சுற்றளவு முடிவிலிக்குப் போனால் பரப்பும் போகும் என்று நினைக்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

பரிமாணம்தான் கடினம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கோட்டின் அளவை இரு மடங்காக்கினால் பழைய கோடு 2 முறை அடங்கும். சதுரத்தில் 4, கனசதுரத்தில் 8. அதாவது 2இன் அடுக்கு 1, 2, 3. அந்த அடுக்குதான் பரிமாணம். இனி சியர்பின்ஸ்கி முக்கோணத்தைக் கையில் எடுப்போம். முக்கோணத்தை நான்காகப் பிரித்து நடுவை எடுத்துவிட வேண்டும், மிச்சமுள்ள மூன்றிலும் அதையே செய்துகொண்டே போக வேண்டும். இந்த உருவத்தை இரு மடங்காக்கினால் பழையது 3 முறைதான் அடங்குகிறது. 2ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 3 வரும்? 1 போதாது, 2 அதிகம். 1.5 என்றால் இரண்டு பெருக்கல் வர்க்கமூலம் இரண்டு, 2.83. 1.6 என்றால் 3.03. ஆக விடை இரண்டுக்கும் நடுவில். மடக்கை (லாகரிதம்) படித்தவர்கள் 1.585 என்று சொல்வார்கள். படிக்காதவர்களும் கால்குலேட்டரில் தட்டித் தட்டி நெருங்கலாம். எனக்கு அதுதான் இன்னும் பிடித்த வழி, எண்ணை அவர்களே பிடிக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு இரண்டு விஷயங்கள். தன்னைப் போலவே இருக்கும் பகுதிகளைக் கொண்டது எல்லாம் ஃபிராக்டல் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நேர்கோட்டைத் துண்டாக்கினாலும் அது நேர்கோடுதான், ஆனால் அது ஃபிராக்டல் இல்லை. இன்னொன்று, பெரணி இலையையும் மின்னலையும் காட்டும்போது அவை சில படிகளோடு நின்றுவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவில்லாத படிகள் கணிதத்தில்தான் உண்டு.

கடைசி நாள் பாஸ்கல் முக்கோணம்: ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டல். 16 வரிசை எழுதி ஒற்றை எண்களை மட்டும் நிழலிட வேண்டும். பெரிய எண்களைக் கூட்டத் தேவையில்லை, ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை என்ற விதி போதும். நிழலிட்டு முடிக்கும்போது சியர்பின்ஸ்கி முக்கோணம் தாளில் எழுந்து நிற்கும். எண்ணிப் பார்த்தால் 2 வரிசையில் 3, நான்கில் 9, எட்டில் 27, பதினாறில் 81.

ஒருமுறை ஒரு மாணவி, "மூன்றால் வகுபடாததை நிழலிட்டா என்ன சார் வரும்?" என்று கேட்டாள். நீயே செய்து பார் என்றேன். மறுநாள் தாளோடு வந்தாள்: 3 வரிசையில் 6, ஒன்பதில் 36. கீழே தன் கையெழுத்தில் "மூன்றின் எந்த அடுக்கு ஆறு?" என்று எழுதி, அடித்து அடித்து, 1.63 வரை வந்திருந்தாள்.