நகைக்கடன்: 85 சதவீதம் என்றால் கையில் எவ்வளவு வரும்?

ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள சங்கிலியை வைத்தால் 85 ஆயிரம் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போகிறோம். கவுன்ட்டரில் இருப்பவர் கணினியைத் தட்டிவிட்டு, "77 ஆயிரம்தான் வரும்" என்கிறார். நம்மை ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. அந்த விதியில் நமக்குச் சாதகமானவையும் நிறைய உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கான புதிய விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கெடு. அதற்கு முன்பு வாங்கிய கடன்களுக்குப் பழைய விதிதான். 2025 ஏப்ரலில் வந்த வரைவு இன்னும் கடுமையாக இருந்தது. நகை உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டது. பாட்டி போட்ட வளையலுக்கு ரசீது எங்கே போவது? தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது, முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இறுதி விதியில் ரசீது இல்லாவிட்டால் நாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று ஆனது. நகை யாருடையது என்பதில் சந்தேகம் எழுந்தால் மட்டும் கடன் தரக் கூடாது.

சரி, அந்த 85 சதவீதத்துக்கு வருவோம்.

வீட்டுச் செலவு, மருத்துவம், கல்யாணம் போன்ற சொந்தத் தேவைக்கான நகைக்கடனில், ஒருவரின் மொத்தக் கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதம். ஐந்து லட்சத்தைத் தாண்டினால் 75. முன்பு பொதுவாக எல்லாவற்றுக்கும் 75 சதவீதம்தான் இருந்தது. ஆக, சிறு கடன்காரர்களுக்கு இது லாபம். விவசாயத்துக்கோ தொழிலுக்கோ வாங்கும் கடனுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது, அந்தந்த வங்கியின் கொள்கைப்படி நடக்கும்.

இங்கேதான் சிக்கல். மாதத் தவணையாகக் கட்டும் கடன் என்றால் 85 சதவீதம் அசலுக்கே. ஆனால் நம்மில் பலர் வாங்குவது, வருஷக் கடைசியில் வட்டியும் அசலுமாக ஒரே மூச்சில் கட்டி மீட்கும் கடன். அதில், முடிவில் நீங்கள் கட்டவேண்டிய மொத்தத் தொகை 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 77,272 ரூபாய் வாங்கினால் ஒரு வருஷ வட்டி 7,727. கூட்டினால் 85 ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. கவுன்ட்டரில் சொன்ன 77 ஆயிரம் இதுதான். வட்டி கூடினால் கையில் வருவது இன்னும் குறையும். இந்த வகைக் கடனுக்குச் சொந்தத் தேவை என்றால் 12 மாதம்தான் உச்சக் காலம்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. நகை மதிப்பு 3 லட்சம், மாதத் தவணைக் கடன் என்று எடுத்துக்கொள்வோம். 85 சதவீதம் என்றால் 2 லட்சத்து 55 ஆயிரம். ஆனால் இரண்டரை லட்சத்தைத் தாண்டியதுமே அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள், அங்கே 80 சதவீதம்தான், அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம். ஆக இரண்டரை லட்சத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் வேண்டும் என்றால் நகை மதிப்பு 3 லட்சத்து 12,500-ஐத் தாண்ட வேண்டும். இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் உங்கள் வருமானத்தையும், திருப்பிக் கட்டும் சக்தியையும் விரிவாகப் பார்ப்பார்கள் என்பதும் கூடுதல் தலைவலி.

மதிப்பு போடும் இடம்

நகைக்கடையில் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். செய்கூலி, சேதாரம், வரி எதற்கும் இங்கே மதிப்பில்லை. கல்லும் முத்தும் கணக்கில் வராது. தங்கம் எத்தனை காரட்டோ அந்தத் தரத்துக்கான விலைதான். அந்த விலையும் இன்றைய பலகை விலை அல்ல. கடந்த 30 நாள் முடிவு விலையின் சராசரி ஒன்று, நேற்றைய முடிவு விலை ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. விலை ஏறிக்கொண்டே போகும் மாதத்தில் சராசரிதான் குறைவாக இருக்கும். டிவியில் சவரன் விலை பார்த்துவிட்டுப் போய் வாதாடிப் பயனில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். மதிப்பீட்டாளர் உரசிப் பார்க்கும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும் என்பது விதி. "உட்காருங்கம்மா, உள்ளே போய் பார்த்துட்டு வர்றோம்" என்று எடுத்துப்போக விடாதீர்கள். கல் எடை, அரக்கு, கொக்கி என்று எதற்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் மொத்த எடை, நிகர எடை, எத்தனை காரட், கழிவு எவ்வளவு, நகையில் ஏற்கெனவே நெளிவோ உடைசலோ இருந்தால் அது, அன்றைய மதிப்பு, கூடவே நகையின் படம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு.

என் சித்தி பழைய விதி இருந்த காலத்தில் ஒரு நிறுவனத்தில் ஆரம் வைத்தார். மீட்கும்போது ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. "வைக்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். சித்தியிடம் இருந்த அடகுச் சீட்டில் 'ஆரம் 1' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. என்ன சொல்லி வாதாடுவது? இன்றைய விதிப்படி, அவர்கள் பொறுப்பில் இருக்கும்போது நகை சேதமானால் பழுது பார்க்கும் செலவு அவர்களுடையது. தொலைந்தாலோ எடையும் தரமும் குறைந்தாலோ இழப்பீடு தர வேண்டும். அதை நிரூபிக்கக் கையில் இருப்பது அந்தச் சான்றிதழ்தான். ஆகவே அதை நகைப்பெட்டியில் போட்டுப் பூட்டி வையுங்கள்.

எதை வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒருவருக்குத் தங்க நகை ஒரு கிலோ வரை, தங்கக் காசு 50 கிராம் வரை. வெள்ளி நகை 10 கிலோ, வெள்ளிக் காசு 500 கிராம். தங்கக் கட்டி, தங்க ஃபண்டு யூனிட்டுகள் எல்லாம் கிடையாது.

கையெழுத்துக்கு முன்

முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். வட்டி மட்டுமல்லாமல் மதிப்பீட்டுக் கட்டணம், செயல்பாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணில் அதில் இருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு பிடிக்க முடியாது. விதிமுறைகளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு சாட்சியை வைத்து விளக்க வேண்டும்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ரொக்கமாக 20 ஆயிரத்துக்கு மேல் தரக் கூடாது.

வருஷம் முடிந்ததும் "மாத்தி வைக்கிற" பழக்கம் நமக்கு உண்டு. 2025 தொடக்கத்தில் பல வங்கிகள் முழுப் பணத்தையும் கட்டி மீட்டு, மறுநாள்தான் திரும்ப வைக்கலாம் என்று சொல்லி, அந்த ஒரு ராத்திரிக்காகத் தனியாரிடம் வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது. இப்போதைய விதியில், கடன் வாராக்கடனாக ஆகாமல் இருந்து, அன்றைய நகை மதிப்பில் மேலே சொன்ன சதவீத வரம்புக்குள் தொகை அடங்கினால், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம். ஆனால் நீங்கள் முறையாக விண்ணப்பித்தால்தான், தானாக நடக்காது.

மீட்பதும் மூழ்குவதும்

பணத்தை முழுதாகக் கட்டிய அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை உங்கள் கைக்கு வர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வாங்கும்போது சான்றிதழை வைத்து ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கடனை அடைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் எடுக்காத நகை கோரப்படாத நகை என்ற கணக்கில் போகும். வாரிசுகளைத் தேட நிறுவனம் முயற்சி எடுக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் பழைய சீட்டுகளைத் தேடிப் பார்க்கலாம்.

கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போனால்? முதலில் உங்களுக்கு முன்னறிவிப்பு. உங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் பொது அறிவிப்பு கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஏல விளம்பரம் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில். அடிமட்ட விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகவில்லை என்றால் 85 வரை இறங்கலாம். கடன் போக மிஞ்சிய பணம் உங்களுடையது, ஏலத் தொகை முழுதும் வந்த ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். "நகை மூழ்கிடுச்சு" என்று விட்டுவிடுகிற பலர் இந்த மிச்சத்தைக் கேட்பதே இல்லை. தங்க விலை ஏறிய காலத்தில் அது சின்னத் தொகையாக இருக்காது. குறைந்தால் மீதியை உங்களிடம் கேட்கவும் அவர்களுக்கு வழி உண்டு.

இதெல்லாம் வங்கி, மாநில, மாவட்ட, நகரக் கூட்டுறவு வங்கி, ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனம் ஆகியவற்றுக்கு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் கீழ் வருவது. தெருமுனை அடகுக் கடைக்கு 1943-ஆம் ஆண்டு அடகு வணிகர் சட்டம். உரிமமும் அடகுச் சீட்டும் அங்கே கட்டாயம். "நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டிதான்" என்று அங்கே சொன்னால், அது மாதத்துக்கு. வருஷத்துக்கு 24 சதவீதம்.

வங்கியோ நிதி நிறுவனமோ விதியை மீறினால் முதலில் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. எப்படி அனுப்புவது என்று கேட்க 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். புகாரோடு நகைச் சான்றிதழ், முக்கிய விவர அறிக்கை, பணம் கட்டிய ரசீது மூன்றின் நகலையும் இணைத்துவிடுங்கள்.