வேட்டை வழிகாட்டிகளுக்கு உரிமம் தரும் வாரியமும் அதைக் கேள்வி கேட்கும் சட்டமன்றமும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலம் ஒன்றில், தொழில் உரிம வாரியங்களைத் தணிக்கை செய்யும் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். செவிலியர், பல் மருத்துவர், கணக்காயர் ஆகியோருக்கான வாரியங்களின் கோப்புகளோடு, கட்டணம் பெற்றுக்கொண்டு வேட்டைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கான வாரியத்தின் கோப்புகளும் என் மேசைக்கு வந்ததுண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையைக் குற்றமாகவே அறிந்து வளர்ந்த நமக்கு, அதற்கும் ஓர் உரிமம், அந்த உரிமத்துக்கு ஒரு தேர்வு, தேர்வை நடத்த ஒரு வாரியம், வாரியத்தை விசாரிக்க ஒரு சட்டமன்றக் குழு என்னும் அடுக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். ஆனால் உரிம வாரியங்களுக்குச் சட்டமன்ற மேற்பார்வை ஏன் தேவை என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் கற்பித்தது இந்தத் துறைதான். நான் தணிக்கை செய்த வாரியத்தைப் பெயர் சொல்லி எழுதப் பணி விதிகள் இடம் தராததால், எவரும் படித்துப் பார்க்கக்கூடிய சட்டங்களும் ஆவணங்களும் உள்ள அலாஸ்கா மாநிலத்தை வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் எனப்படும் வெள்ளை மலைச்செம்மறி, மலையாடு ஆகிய மூன்றில் எதையேனும் வேட்டையாட விரும்பும் வெளிமாநிலத்தவர், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரையோ அம்மாநிலத்தில் வசிக்கும் நெருங்கிய உறவினரையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது; வெளிநாட்டவருக்கோ எல்லாப் பெருவிலங்கு வேட்டைக்கும் வழிகாட்டி கட்டாயம். உள்ளூர்வாசிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வெளிமாநிலத்தவர் ஒருவர் பழுப்புக் கரடிக்கான அனுமதி வில்லைக்கு மட்டும் அரசுக்கு 1,000 டாலர் செலுத்துகிறார், வழிகாட்டிக்கு அதைப்போலப் பல மடங்கு செலுத்துகிறார். பெரும்பாலான தொழில்களில் வாடிக்கையாளர் தாமாகத் தேடி வருகிறார். இங்கே வாடிக்கையாளரை வழிகாட்டியின் வாசலுக்கு அனுப்பிவைப்பது அரசின் சட்டம். அப்படி அனுப்பிவைத்த பிறகு, வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் கடமையிலிருந்து அந்தச் சட்டத்தை இயற்றிய மன்றம் விலகிக்கொள்ள முடியாது.

உரிமம் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முழு உரிமம் பெற்ற வழிகாட்டியாக விரும்புகிறவர் உதவி வழிகாட்டியாகப் பல பருவங்கள் உழைத்திருக்க வேண்டும், தகுதித் தேர்வில் தேற வேண்டும், மாநிலத்தின் 26 வேட்டை மேலாண்மைப் பகுதிகளில் தாம் பணிபுரியப்போகும் பகுதிக்கெனத் தனித் தேர்வும் எழுத வேண்டும். வாடிக்கையாளரோடு எழுத்துவழி ஒப்பந்தம் இல்லாமல் அவர் எவரையும் அழைத்துச் செல்லக் கூடாது, தமக்குக் கீழ் பணிபுரியும் உதவியாளர்கள் செய்யும் விதிமீறலுக்கும் அவரே பொறுப்பாகிறார். விதிகள் நன்றாகவே இருக்கின்றன. கேள்வி எப்போதும் அவற்றை நடைமுறைப்படுத்தும் வாரியத்தைப் பற்றியது.

இதற்கு அலாஸ்காவின் சொந்த வரலாறே சான்று. 1970களில் அங்கே இயங்கிய பழைய வழிகாட்டி உரிம வாரியம், குறிப்பிட்ட நிலப்பரப்புகளைக் குறிப்பிட்ட வழிகாட்டிகளுக்கு மட்டுமே உரியவையாக ஒதுக்கிக் கொடுத்தது. போட்டி ஏலம் கிடையாது. அரசுக்கு வாடகை கிடையாது. கால வரம்பும் கிடையாது. ஒதுக்கீடு பெற்றவர் அந்தப் பரப்பைத் தம் சொத்தைப்போல இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடிந்தது. ஒதுக்கீட்டில் பாதிக்கப்பட்ட வழிகாட்டி ஒருவர் தொடுத்த வழக்கில், 1988ஆம் ஆண்டு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் இந்த முறை முழுவதையும் செல்லாது என்று அறிவித்தது. மீன்களும் வனவிலங்குகளும் நீரும் இயற்கை நிலையில் இருக்கும்வரை மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்று மாநில அரசமைப்பின் எட்டாம் பிரிவு சொல்வதை நீதிமன்றம் அடிப்படையாகக் கொண்டது. பொதுச் சொத்து சிலரின் கைக்குள் போவதை ஒரு வாரியம் இத்தனை ஆண்டுகள் நடத்திவந்திருக்கிறது என்றால், அந்த ஆண்டுகளில் நிதி ஒதுக்கிய சட்டமன்றக் குழுக்கள் என்ன கேட்டன என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. நீதிமன்றம் செய்ததைச் சட்டமன்றம் முன்பே செய்திருக்கலாம்.

1989இல் புதிய வாரியம் ஒன்று வந்தது. 1990களின் நடுவில் சட்டமன்றம் அதன் ஆயுளை நீட்டிக்காததால் அது கலைந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாரியமே இல்லாமல் அரசுத் துறை நேரடியாக உரிமம் வழங்கியது. பின்னர், 2005இல், இப்போதுள்ள பெருவிலங்கு வணிகச் சேவைகள் வாரியத்தைச் சட்டமன்றம் மீண்டும் உருவாக்கியது. ஒரு வாரியம் பிறந்து, மறைந்து, மறுபடி பிறந்த இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது ‘சன்செட்’ சட்டம்.

‘சன்செட்’ என்றால் சூரியன் மறைதல். அரசு அமைப்பு ஒவ்வொன்றுக்கும் சட்டத்திலேயே ஒரு காலாவதி நாளைக் குறித்துவிட்டு, அந்த நாளுக்குள் சட்டமன்றம் மறுபடி வாக்களித்தால்தான் அது தொடரும் என்று வகுக்கும் முறை இது. 1976இல் கொலராடோவில் முதலில் வந்தது, அடுத்த ஆண்டே அலாஸ்காவும் ஏற்றுக்கொண்டது. குறித்த ஆண்டின் ஜூன் 30 வந்தும் நீட்டிப்பு வரவில்லை என்றால், கணக்குகளை முடித்துக்கொள்ள வாரியத்துக்கு இன்னும் ஓராண்டு மட்டுமே கிடைக்கும். அதற்கு முன்பாகச் சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு வாரியத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும், இரு அவைகளின் குழுக்களும் பொது விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணையில் தன் இருப்புக்குப் பொதுத் தேவை இருக்கிறது என்று மெய்ப்பிக்கும் சுமையை வாரியத்தின் தலையில் சட்டம் வைத்திருக்கிறது. வாரியம் தேவையில்லை என்று குடிமகன் நிரூபிக்க வேண்டியதில்லை. தேவை என்று வாரியம்தான் நிரூபிக்க வேண்டும். சுமை யார் தலையில் இருக்கிறதோ அவரே ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால், என் பணியில் பாதி இந்த ஒரு விதியால் எளிதானது.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. நீட்டிப்பு மசோதா வேறு அரசியல் சண்டையில் சிக்கிக்கொண்டால் தகுதியான வாரியமும் கலைந்துபோகும். 2019இல் டெக்சாஸின் குழாய்ப் பணியாளர் தேர்வு வாரியம் அப்படிக் காலாவதியாகும் நிலைக்கு வந்து, ஆளுநரின் அவசர ஆணையால்தான் தப்பியது.

தணிக்கையில் நான் முதலில் திறப்பது புகார்க் கோப்புகளைத்தான். வேட்டை வழிகாட்டிமீது வரும் புகாரைப் போல விசாரிக்கக் கடினமான புகாரை நான் வேறெந்தத் தொழிலிலும் கண்டதில்லை. சம்பவம் நடந்த இடம் சாலையே இல்லாத மலைச்சரிவாக இருக்கும், சிறு விமானத்தில்தான் அங்கே போக முடியும், செப்டம்பரில் நடந்ததை அக்டோபரில் பனி மூடிவிடும். சாட்சி பெரும்பாலும் ஒருவரே, அவர் வாடிக்கையாளர், அவர் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் உள்ள வீட்டுக்குத் திரும்பியிருப்பார். விமானத்தில் பறந்த அதே நாளில் விலங்கைச் சுடக் கூடாது என்பது அலாஸ்காவில் முக்கியமான விதி. அதை வழிகாட்டி மீறியிருந்தால் துப்பாக்கியின் விசையை அழுத்தியவர் அந்த வாடிக்கையாளராகவே இருப்பார். தாமும் குற்றத்தில் பங்காளி ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் சாட்சியிடமிருந்து வாக்குமூலம் பெறுவதற்குப் பொறுமை வேண்டும், விரைவும் வேண்டும். வனவிலங்குக் காவலர்கள் ஒரு பக்கம் குற்ற வழக்கு நடத்திக்கொண்டிருக்க, உரிமத் துறையின் விசாரணையாளர் அதன் முடிவுக்காகக் காத்திருப்பதும் உண்டு. விலங்கு மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்பட்டிருந்தால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின்படி மத்திய அரசு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையானவை என்பதால்தான், தாமதத்துக்கு மறைவிடமாகவும் இவை பயன்பட்டுவிடுகின்றன. நான் ஒருமுறை திறந்த கோப்பில் கடைசிப் பதிவு பதினோரு மாதங்களுக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புகூடக் குறிக்கப்படவில்லை. கேட்டபோது, குற்ற வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நீதிமன்றப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த வழக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. இடைப்பட்ட வேட்டைப் பருவம் முழுவதும் அந்த வழிகாட்டி செல்லத்தக்க உரிமத்தோடு புதிய வாடிக்கையாளர்களை மலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். எவரும் கையூட்டு வாங்கவில்லை, எவரும் பொய் சொல்லவில்லை. ஒரே விசாரணையாளரிடம் பல தொழில்களின் கோப்புகளும் குவிந்திருந்தன, அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் அவரோடு மலையேறியவர்களை நினைத்து எனக்குப் பல நாள் உறக்கம் வரவில்லை. புகார்களை வாரியம் எவ்வளவு திறமையாகத் தீர்க்கிறது என்பதைத் தணிக்கையின் அளவுகோல்களில் ஒன்றாக அலாஸ்கா சட்டம் வைத்திருப்பதன் அருமை இத்தகைய கோப்புகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அடுத்தது, வாரியத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது. அலாஸ்கா வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் வழிகாட்டிகள் இருவர், வேட்டைக்காரர்களை ஏற்றி இறக்கும் போக்குவரத்து உரிமம் பெற்றவர்கள் இருவர், நில உடைமையாளர்களின் சார்பில் இருவர், பொதுமக்கள் சார்பில் இருவர், விலங்குகளுக்கான விதிகளை வகுக்கும் மற்றொரு வாரியத்திலிருந்து ஒருவர். ஆக, உரிமம் பெற்றவர்கள் நால்வர், ஏனையோர் ஐவர். இந்தக் கணக்கு சிறியதல்ல. வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம், பல் மருத்துவர் அல்லாதவர்கள் பற்களை வெண்மையாக்கும் தொழில் செய்வதைத் தடுக்க முயன்ற வழக்கில், தொழிலில் ஈடுபட்டிருப்பவர்களே கட்டுப்படுத்தும் வாரியத்தை அரசு உயிர்ப்போடு மேற்பார்வையிடாவிட்டால் போட்டி ஒழிப்புத் தடைச் சட்டங்களிலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் தங்கள் வாரியங்களின் அமைப்பை எண்ணிப் பார்க்கத் தொடங்கின. என்னைக் கேட்டால், எண்ணிக்கை மட்டும் போதாது. பொதுமக்களுக்கான இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால், தாளில் உள்ள பெரும்பான்மை கூட்டத்தில் இருக்காது. ஆளுநர் நியமிக்கும் உறுப்பினர்களை 20 செனட்டர்களும் 40 பிரதிநிதிகளும் ஒன்றுகூடி உறுதிசெய்ய வேண்டும் என்பதால், அந்தக் காலியிடத்தைப் பற்றிக் கேட்கும் வாய்ப்பு அலாஸ்கா சட்டமன்றத்துக்கு ஆண்டுதோறும் வருகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவில் ஒவ்வொரு தொழிலின் உரிமக் கட்டணமும் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் செலவுக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும். வழிகாட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, விசாரணைச் செலவோ அதிகம். கட்டணத்தை ஏற்றினால் புதிதாக வரும் உதவி வழிகாட்டி தாங்கமாட்டார். ஏற்றாவிட்டால் விசாரணை சுருங்கும். பற்றாக்குறை விழும் வாரியத்தில் முதலில் நின்றுபோவது மலைக்குப் போகும் விமானம்தான் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நான் தணிக்கை செய்த வாரியத்தின் பொது விசாரணைக்கு வழிகாட்டிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி நியாயமானது. வெளியாட்களில் ஒரே ஒருவர், ஆற்றோரத்தில் பண்ணை வைத்திருந்த முதிய பெண்மணி, தொலைபேசி வழியாகப் பேசினார். வேட்டைக் குழுக்கள் தம் வேலியைத் திறந்துவிட்டுப் போவதையும், இரண்டு முறை எழுதிய புகாருக்குப் பதில் வராததையும் மூன்று நிமிடங்களில் சொல்லி முடித்தார். குழுத் தலைவர் வாரியத்தில் நில உடைமையாளர் எவரும் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அந்தக் கேள்வி என் அறிக்கையில் இருந்திருக்க வேண்டும்; இல்லை.

இதைப் படிப்பவர்களில் அமெரிக்காவில் செவிலியராகவோ கணக்காயராகவோ உரிமம் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் மாநிலத்தில் ‘சன்செட்’ சட்டம் இருந்தால் உங்கள் வாரியத்துக்கும் ஒரு காலாவதி ஆண்டு இருக்கும். அதற்கு முன் தணிக்கை அறிக்கையும் விசாரணை நாளும் பொதுவில் வெளியாகும். அறிக்கையில் புகார்களைத் தீர்க்க எடுத்த நாட்கள் தரப்பட்டுள்ள அட்டவணையை முதலில் பாருங்கள். விசாரணையில் பேச விரும்பினால் முன்பே பெயரைப் பதிவு செய்து, மூன்று நிமிடங்களுக்குள் அடங்கும்படி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.