தகுதி நீக்கமா, போட்டிநீக்கமா?

குதிரையேற்றச் செய்தி தமிழில் வருவதே அரிது. வருகிற சிலவற்றிலும் ஒரே பிழை விடாமல் வந்துகொண்டிருக்கிறது. குதிரையின் பயிற்சியையும் கீழ்ப்படிதலையும் மதிப்பெண் போட்டு அளக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் குதிரையின் வாயில் ரத்தம் தெரிந்து நடுவர் மணியடித்து நிறுத்தினால் 'வீராங்கனை தகுதி நீக்கம்' என்று எழுதுகிறார்கள். மருந்துச் சோதனையில் சிக்கி அணியின் இடமே பறிபோனால் அதற்கும் 'தகுதி நீக்கம்'. ஒரு வருடம் எந்தப் போட்டிக்கும் வரக்கூடாது என்று தடை விதித்தாலும் அதே 'தகுதி நீக்கம்'. விதிப் புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, தனித்தனி விளைவும் உண்டு. தமிழில் படிப்பவருக்கு மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

முதலில் சொல்லப்பட்டதன் பெயர் எலிமினேஷன், இரண்டாவது டிஸ்குவாலிஃபிகேஷன், மூன்றாவது சஸ்பென்ஷன். எலிமினேஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'லீமென்' என்றால் வாசற்படி. அதற்கு முன்னால் 'வெளியே' என்ற பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்து, வாசற்படிக்கு வெளியே அனுப்புவது என்ற பொருள் வந்தது. அந்தப் பக்கம் டிஸ்குவாலிஃபிகேஷன் என்பது 'எத்தகைய' என்று கேட்கும் லத்தீன் சொல்லில் வேர் கொண்டது. ஒருவர் எத்தகையவராக இருக்க வேண்டுமோ அத்தகையவர் அல்லர் என்று சொல்வது அது. நம் 'தகுதி'யும் 'தகு' என்ற வினையிலிருந்து வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. ஆகவே டிஸ்குவாலிஃபிகேஷனுக்குத் தகுதிநீக்கம் பொருத்தமான சொல்தான். அதை இன்னொன்றின் தலையிலும் கட்டுவதுதான் பிழை.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை.  டிரெஸ்ஸாஜுக்கு விதி வகுப்பது 1921-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்புக்கும் ஒரு வாக்கு. பொதுக்குழுவில் வாக்கெடுத்து விதிகளைத் திருத்துகிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் உயரத் தொப்பி போய்த் தலைக்கவசம் கட்டாயமானது அப்படி வந்த மாற்றங்களில் ஒன்று. இவ்வளவு முறையாக விதி வகுப்பவர்கள் தண்டனைச் சொற்களையும் வரையறுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். எலிமினேஷன் என்றால் அந்த வீரரோ குதிரையோ அந்தப் போட்டியில் தொடர முடியாது. அவ்வளவுதான். டிஸ்குவாலிஃபிகேஷன் என்றால் ஒரு போட்டியிலிருந்தோ மொத்தத் தொடரிலிருந்தோ தகுதி பறிக்கப்படுகிறது. பல மாதம் கழித்துப் பின்தேதியிட்டும் பறிக்கலாம். சஸ்பென்ஷன் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு எதிலும் கலந்துகொள்ள முடியாது.

எலிமினேஷனுக்கான காரணங்களைப் பாருங்கள். குதிரை நொண்டுவது தெரிந்தால், களத்தின் ஓரத்தில் வைத்த 'சி' எழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைமை நடுவர் மணியடித்து நிறுத்திவிடுவார். குதிரை முரண்டு பிடித்து 20 விநாடிக்கு மேல் தொடர முடியாமல் போனாலும், வீரர் கீழே விழுந்தாலும் எலிமினேஷன்தான். வரிசையாகச் செய்ய வேண்டிய அசைவுகளில் வழி தவறினால் முதலில் மதிப்பெண் குறைப்பார்கள். அது தொடர்ந்தால் எலிமினேஷன். இவற்றில் எதிலாவது அந்த வீரருடைய தகுதி குறைந்ததா? விழுந்தவர் தகுதியற்றவரா? நொண்டிய குதிரையை நிறுத்துவது அந்தக் குதிரையின் நலனுக்காக. அதைத் தகுதி நீக்கம் என்று எழுதினால் ஒரு பாதுகாப்பு நடவடிக்கை குற்றத்தீர்ப்பாக மாறிவிடுகிறது.

2010-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டிகளில் நெதர்லாந்தின் அடலிண்டே கார்னெலிசன், பார்ஸிவல் என்ற குதிரையோடு களமிறங்கினார். பதக்கம் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்த ஜோடி. வாயோரத்தில் ரத்தம் தெரிந்ததும் நடுவர் நிறுத்திவிட்டார். குதிரை தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் இருந்தால் நிறுத்து என்பது விதி. யார் குற்றம் என்று அந்த மணி கேட்பதில்லை. 2 ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் இதே ஜோடி தனிநபர் வெள்ளி வென்றது. இந்த வரலாற்றைத் தமிழில் படிக்கும் ஒருவர், 'தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்' என்ற அடைமொழியோடு கார்னெலிசனைத் தெரிந்துகொண்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். தமிழில் 'தகுதியற்றவர்' என்பது வசைச்சொல். அந்த வாடை 'தகுதி நீக்க'த்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையான தகுதிநீக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக்கைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அன்றைய விதிப்படி, ராணுவத்திலிருந்து வருபவர் அதிகாரியாக இருந்தால்தான் டிரெஸ்ஸாஜில் கலந்துகொள்ள முடியும். சுவீடன் அணியில் இருந்த யேனெல் பெர்சன் ஒரு சார்ஜென்ட். ஒலிம்பிக்குக்காக அவரைத் தற்காலிகமாக அதிகாரியாக்கி அனுப்பினார்கள். அணி தங்கம் வென்றது. ஊர் திரும்பிய சில வாரங்களில் அவரைப் பழையபடி சார்ஜென்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தது. 1949-இல் கூட்டமைப்பு சுவீடன் அணியின் தகுதியை நீக்கியது, தங்கம் பிரான்சுக்குப் போனது. இங்கே நீக்கப்பட்டது தகுதியேதான். களத்தில் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை, களமிறங்கும் தகுதிதான் இல்லை. (1952-இல் அதிகாரி என்ற நிபந்தனை போனது. அதே மூவர் அணி மறுபடி தங்கம் வென்றது. மனதுக்கு நிறைவு தரும் செய்தி இது.) 2008-இல் அமெரிக்காவின் கோர்ட்னி கிங்-டை ஏறிய மிதிலஸ் என்ற குதிரையிடம் ஃபெல்பினாக் என்ற வலிமருந்து கண்டுபிடிக்கப்பட்டு, நான்காம் இடம் பிடித்திருந்த அணியின் முடிவே செல்லாமல் போனதும் தகுதிநீக்கம்தான்.

இனி, 'வெளியேற்றம்' என்று எழுதும் இன்னொரு கட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகுதி நீக்கம் பிழை என்று உணர்ந்த சிலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். நோக்கம் நல்லது. வாசற்படிக்கு வெளியே என்ற வேர்ப்பொருளுக்கும் இது நெருக்கம்தான். ஆனால் டிரெஸ்ஸாஜ் விதிகளுக்குள் கொண்டுவந்து வைத்தால் நிற்பதில்லை.

ஒன்று, காலிறுதியில் தோற்ற அணியையும் நாம் 'வெளியேறியது' என்கிறோம். தோல்வியால் போவதும் விதியால் போவதும் ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன. இன்னொன்று, டிரெஸ்ஸாஜில் குதிரை நான்கு கால்களையும் களத்துக்கு வெளியே வைத்துவிட்டால் அதுவே எலிமினேஷனுக்குக் காரணம். இதை இவர்கள் முறையில் எழுதினால் 'வெளியேறியதால் வெளியேற்றப்பட்டது' என்று வரும். படிப்பவருக்கு என்ன புரியும்?

எல்லாவற்றையும்விட இந்தச் சொல்லுக்குப் பெரிய முட்டுக்கட்டை 2019-இல் ரோட்டர்டாமில் நடந்த ஐரோப்பியப் போட்டி. பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் தன் டெஸ்ட்டை, அதாவது வரிசையாகச் செய்ய வேண்டிய அசைவுகளை, முழுதாகச் செய்து முடித்தார். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. களத்தைவிட்டு வந்தபின் வழக்கமான சோதனையில் குதிரையின் விலாவில் ரத்தக்கறை தெரிந்தது. உடனே எலிமினேஷன். மதிப்பெண் போயிற்று, அணியும் பதக்கமில்லாமல் நான்காவதாக நின்றது. ஏற்கெனவே வெளியே வந்து நிற்பவரை எப்படி வெளியேற்றுவது? அவர் களத்திலிருந்து அனுப்பப்படவில்லை. அந்தப் போட்டியின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டார். வெளியேற்றம் என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கைச் சொல்லும் வலு இல்லை. அது உடலை நகர்த்தும் சொல். வெள்ளத்தில் மக்களை வெளியேற்றுவார்கள், கூட்டத்தில் கூச்சலிட்டவரை வெளியேற்றுவார்கள்.

'விலக்கம்' என்றும் ஒரு சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள். வரிவிலக்கு, கட்டண விலக்கு என்று 'விலக்கு' நம் நாவில் சலுகையாகிவிட்டது. போதாததற்கு, வீரர் தானே ஒதுங்குவதற்கு 'விலகல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. விலகலும் விலக்கமும் ஒரே முடிவுப் பட்டியலில் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான். அதை விட்டுவிடலாம்.

என் தேர்வு 'போட்டிநீக்கம்'. இதில் புதிதாக எதுவும் இல்லை. பணிநீக்கம் என்று தினமும் சொல்கிறோம், பணியிலிருந்து நீக்குவது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே அச்சில் போட்டியிலிருந்து நீக்குவது போட்டிநீக்கம். இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. தகுதிநீக்கத்தில் 'தகுதியை' என்று இரண்டாம் வேற்றுமை மறைந்திருக்கிறது. போட்டிநீக்கத்தில் மறைந்திருப்பது ஐந்தாம் வேற்றுமை. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்றுக்கு நம் இலக்கணிகள் வைத்த பெயரே 'நீங்கல்'. எதை நீக்கினார்கள், எதிலிருந்து நீக்கினார்கள் என்ற வேறுபாடு ஒரு சொல்லின் முன்பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் சஸ்பென்ஷனுக்கு 'இடைநீக்கம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன.

போட்டியையே நீக்கிவிட்டதாகப் பொருள்படாதா என்று கேட்கலாம். அதற்கு 'ரத்து' இருக்கிறது. பணிநீக்கம் என்றதும் அந்தப் பணியிடத்தையே ஒழித்துவிட்டார்கள் என்று யாரும் நினைப்பதில்லையே.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. விதிமுறைகளோடு வரையறைப் பட்டியலும் சேர்ந்தே வருகிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அகராதியில் முதலில் வரும் சொல், இல்லாவிட்டால் இயந்திரம் தரும் சொல், அதோடு வேலை முடிந்தது. இதன் விளைவு 'தகுதிச் சுற்றில் தகுதி நீக்கம்' போன்ற தொடர்கள். அடுத்த சுற்றுக்குப் போகப் போதிய மதிப்பெண் எடுக்கவில்லையா, நடுவர் நிறுத்தினாரா, மருந்துச் சோதனையில் சிக்கினாரா? மூன்றில் எதுவாகவும் படிக்கலாம். 'தண்டிக்கப்பட்டார்' என்று மொத்தமாகப் பூசுவதும் உதவாது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சுவீடனின் பெர்டில் சாண்ட்ஸ்ட்ரோம், நாக்கைச் சொடுக்கிக் குதிரைக்குக் குறிப்புக் கொடுத்தார் என்று தனிநபர் வரிசையில் இரண்டாம் இடத்திலிருந்து கடைசிக்குத் தள்ளப்பட்டார். சேணம் கிரீச்சிட்ட ஓசை அது என்பது அவர் தரப்பு வாதம். ஆனால் அவர் மதிப்பெண் அணிக்குச் செல்லுபடியானது, அணி வெள்ளி வென்றது. இது போட்டிநீக்கமும் இல்லை, தகுதிநீக்கமும் இல்லை. 'கடைசி இடத்துக்கு இறக்கம்' என்று நடந்ததை அப்படியே எழுத வேண்டியதுதான்.

டுஜார்டின் 2024-இல் மறுபடி செய்தியில் வந்தார். பயிற்சி வகுப்பு ஒன்றில் குதிரையின் கால்களைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியாக, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன்பே அவர் தானாக விலகினார். கூட்டமைப்பு அவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. பிறகு விசாரித்து ஓராண்டு இடைநீக்கமும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. ஆக ஒரே வீராங்கனையின் கதையில் 2019-இல் போட்டிநீக்கம், 2024-இல் முதலில் விலகல், அடுத்து இடைநீக்கம். தகுதிநீக்கம் இவற்றில் எங்கும் இல்லை.

கடைசியாகத் தீராத ஒரு சிக்கல், 'போட்டி' என்ற சொல்லே. விதிப் புத்தகம் ஒரு தனிப்பிரிவையும், பல பிரிவுகள் சேர்ந்த முழு நிகழ்வையும் பிரித்துப் பேசுகிறது. நாம் இரண்டையும் போட்டி என்கிறோம். ஒரு பிரிவில் நீக்கப்பட்டவர் மொத்தமாக ஊர் திரும்பிவிட்டார் என்று படிப்பவர் நினைக்க இடமிருக்கிறது. தனிப்பிரிவைப் போட்டி என்றும், முழு நிகழ்வைப் போட்டித்தொடர் என்றும் கறாராக வைத்துக்கொண்டால் போட்டிநீக்கம் எவ்வளவு தூரம் என்பது தெளிவாகும். மொத்தத் தொடரிலும் தகுதி போனால் 'தொடர் முழுமைக்கும் தகுதிநீக்கம்' என்று எழுதலாம். சற்று நீளம்தான், ஆனால் பொருள் மாறாது.