வீட்டைக் காலி செய்யும் முன் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் தமிழக அரசின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. சுவரில் விரிசல் பெரிதாவதைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. 1993இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாயும் மாற்று வீடும் தரப்படும் என அரசு அறிவித்தது. அந்நாட்களில் கட்டடத்தின் தரத்தைப் பற்றி நிறையப் பேசினோம். ஆனால் இத்தகைய வெளியேற்றங்களில் யார் ஒதுக்கீட்டாளர் (வாரியத்திடம் வீடு ஒதுக்கீடு பெற்றவர்), யார் வாடகைதாரர், யாருடைய பெயர் எந்தத் தாளில் இருந்தது என்ற கேள்விகள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. குடியிருப்பு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், மக்கள் வீடிழப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் என்று நான் கருதுகிறேன்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பு கட்டிய பழைய குடியிருப்புகள் ஏன் இவ்வளவு விரைவில் தளர்கின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வெளிச்சுவரில் செல்லும் கழிவுநீர்க் குழாய் கசிந்து ஆண்டுக்கணக்கில் சுவரை ஊறவைக்கிறது, உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது, துருவேறிய கம்பி பருத்துப் பூச்சையும் கான்கிரீட்டையும் பெயர்த்துத் தள்ளுகிறது. இதைத் தடுக்கத் தேவையானது தொடக்கத்திலேயே செய்யப்படும் சிறு பராமரிப்புதான். ஆனால் மாடிப்படியும் குழாயும் மொட்டை மாடியும் யாருடைய பொறுப்பு என்பதில் வாரியத்துக்கும் குடியிருப்போருக்கும் இடையே இழுபறி நீடிக்க, இறுதியில் எவரும் அதைச் செய்வதில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்களையும் பராமரிப்பில் சேர்க்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் நல்ல முயற்சியே என்றாலும், கம்பி வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிட்ட கட்டடத்துக்கு வெள்ளையடிப்பு உதவாது.

கட்டடம் பாதுகாப்பற்றது என அறிவிக்கப்பட்டால், மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே தங்குவதற்காக ஒவ்வோர் ஒதுக்கீட்டாளர் குடும்பத்துக்கும் ஒருமுறை கருணைத்தொகை தரப்படுகிறது. 8,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2021இல் 24,000 ஆக உயர்த்தப்பட்டது. புதுக் கட்டடம் எழ இரண்டு ஆண்டுகள் ஆனால்கூட இது மாதத்துக்கு 1,000 ரூபாய்தான். வட சென்னையில் அந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது, அட்வான்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வேலைக்குச் செல்லும் இடம், மீன் வாங்கி விற்கும் சந்தை எல்லாம் பழைய இடத்தைச் சுற்றியே இருப்பதால், பல குடும்பங்கள் தொலைவில் போய்க் குடியேறாமல் இடிக்கப்பட்ட கட்டடத்தின் அருகிலேயே தகரக் கொட்டகை போட்டுக் காத்திருக்கின்றன. ‘காலி செய்ய மறுக்கும் மக்கள்’ என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்ளும்போது இந்தக் கணக்கையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்திருப்பவரின் நிலை. ஆணையில் பெயருள்ள தந்தை இறந்து, மணமான மகன்கள் இருவரும் தாயும் ஒரே சிறு வீட்டில் தட்டி மறைத்து வாழும் குடும்பங்களில், சட்டத்தின் பார்வையில் இருப்பது ஒரே வீடு. மறுகட்டுமானத்துக்குப் பின் கிடைப்பதும் ஒன்றே. எந்த மகன் பெயரில் அதைப் பெறுவது என்ற சண்டை, வாரிசுச் சான்றிதழ் வாங்கப்படாத நிலையில், கட்டடம் இடிந்த பிறகுதான் தொடங்குகிறது. தந்தையின் பெயரில் இருக்கும் ஆணையை உயிருடன் இருக்கும் தாயின் பெயருக்கு மாற்றிவைப்பது, விரிசல் விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இவர்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் ஒதுக்கீட்டாளரிடம் வாடகைக்கோ போக்கியத்துக்கோ வந்தவர்கள். கணவரை இழந்து, இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்மணி, நகையை அடகு வைத்துத் திரட்டிய 2 லட்சம் ரூபாயை இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்றின் பேரில் போக்கியமாகக் கொடுத்துக் குடியேறியிருந்தார். கட்டடம் காலி செய்யப்பட்டபோது கருணைத்தொகை ஒதுக்கீட்டாளருக்குச் சென்றது, புதிய வீட்டுக்கான உரிமையும் அவருக்கே உறுதியானது. வாரியத்தின் பதிவில் இந்தப் பெண்மணி இல்லவே இல்லை. ஒதுக்கீட்டு வீட்டை வாடகைக்கு விடுவது வாரிய நிபந்தனைக்கு முரணானது என்பதால் வாரியம் இவரை வாடகைதாரராக ஏற்காது. வாடகைதாரர் சட்டமும் அரசுக்கும் சட்டப்படி அமைந்த வாரியங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது. எனவே அவருக்கு எஞ்சியது, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழி மட்டுமே. அதற்கும் அந்தப் பத்திரம், பணம் கைமாறியதற்கான வங்கிப் பதிவு, சாட்சி ஆகியவை தேவைப்பட்டன. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கூரை பெயரும் நிலையில் உள்ள வீட்டில் இருங்கள் என்று எந்த வழக்கறிஞரும் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் தாள்களைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் பெரும்பாலான கட்டடங்கள் ஒரே இரவில் விழுவதில்லை. ஆய்வு, நோட்டீஸ், கூட்டம், கணக்கெடுப்பு என மாதக்கணக்கில் அவகாசம் இருக்கும், அந்த அவகாசத்தை நாம் வீணாக்கிவிடுகிறோம். கணக்கெடுக்க வருபவர் கதவு பூட்டியிருந்தால் ‘பூட்டிய வீடு’ என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். வேலைக்குப் போயிருந்த குடும்பத்துக்கு அந்த ஒரு குறிப்பு பல ஆண்டுகள் தொல்லையாகிவிடும். ஆகவே புதிய வீடு பெறுவோரின் பெயர்களைக் கொண்ட பயனாளிகள் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டடத்தின் உறுதித்தன்மை பற்றிய ஆய்வறிக்கையையும் அதே வழியில் கேட்கலாம். சாவியை ஒப்படைக்கும்போது தேதியும் வீட்டு எண்ணும் குறித்த எழுத்துப்பூர்வ ஒப்புகை பெறுங்கள். புதிய வீட்டுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய பங்களிப்புத் தொகை எவ்வளவு என்பதையும் அப்போதே எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் கட்டடம் எழுந்த பிறகு அந்தத் தொகை தெரியவந்து, கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் பல. குடும்ப அட்டையைப் புதிய முகவரிக்கு மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியுள்ள அட்டையின் நகலையும் மின்கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

தனியார் கட்டடங்களின் கதை வேறு. ஜார்ஜ் டவுன், மண்ணடி, திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் சில உரிமையாளர்கள் வேண்டுமென்றே மராமத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒழுகும் வீட்டில் வெறுத்துப்போய் வாடகைதாரர் தாமாகவே கிளம்பிவிட்டால் வழக்குச் செலவு மிச்சம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைதாரர் சட்டம், கட்டமைப்பு சார்ந்த மராமத்தை உரிமையாளரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அவர் மறுத்தால் வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகவும் அதில் வைக்கப்பட்டிருக்கிறது. வாய்மொழியாக இருபது ஆண்டுகள் குடியிருக்கும் ஏழை வாடகைதாரருக்கு இது பெரிய பொறி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பவர் பெரும்பாலும் உரிமையாளராகவே இருந்தாலும்கூட. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்தவர் மீண்டும் குடியேறுவதும் இருதரப்பும் ஒப்புக்கொண்டு புதிய ஒப்பந்தம் அளித்திருந்தால்தான் நடக்கும். ‘கட்டி முடித்ததும் உனக்குத்தான் வீடு’ என்ற வாய்வார்த்தையை நம்பிப் பெட்டியைக் கட்டாதீர்கள்.

உள்ளாட்சி அமைப்பு ஆபத்தான கட்டடத்தை இடித்துவிட்டால் குத்தகை (வாடகை) உறவு தானாக அழிந்துவிடாது என்று, மகாராஷ்டிராவின் மிரஜ் நகரக் கட்டடம் ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. குத்தகை கட்டடத்தின் மீது மட்டுமன்றி நிலத்தின் மீதும் நிற்கிறது என்பது அதன் அடிப்படை. மும்பையில், அபாயக் கட்டடத்தை இடிக்கும் முன் குடியிருப்போரின் பட்டியலையும் ஒவ்வொருவரும் அனுபவித்த பரப்பளவையும் மாநகராட்சி பதிவு செய்ய வேண்டும் என்ற நெறிமுறையை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் வகுத்தது. சென்னையிலும் இடிப்பு நோட்டீஸோடு இப்படியொரு பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, நோட்டீஸ் ஒட்டப்பட்டவுடன் வீட்டின் அளவையும் குடியிருக்கும் காலத்தையும் குடும்பத்தினர் பெயர்களையும் எழுதி, பதிவுத் தபாலில் மாநகராட்சிக்கும் உரிமையாளருக்கும் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு அதில் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள். போகும்போது நோட்டீஸின் நகல், வாடகை அல்லது போக்கியப் பத்திரம், மின்கட்டண ரசீது, விரிசல்களின் புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நோட்டீஸில் கெடு தேதி இருந்தால் அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே போய்ச் சேருங்கள்.